உதட்டில் எழுதிய சிங்கம்

பல்லியாம். அசந்து தூங்கும்போது மேலே இருந்து பல்லி உதட்டில் பெய்துவிட்டுப் போனதாம், அதனால்தான் இந்தக் கொப்புளமாம். அக்கிப் புண்ணுக்குக் காவி எழுதுகிற வேளார் வீட்டு முற்றத்தில் முறைக்குக் காத்திருந்த ஆவுடையப்பனுக்குக் காலை எட்டு மணிக்கே மண்டை காய்ந்தது. சொன்னவள் பக்கத்து முக்காலியில் இருந்த பருத்த பெண். அவளுக்கு விலாவில் அக்கி, சேலை உரசாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே பேசினாள். இவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்வதற்கென்று ஊரில் ஒவ்வொரு வாயும் திறந்து கிடக்கிறது. "பல்லியேதான் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரருக்கும் இதே இடத்துலதான். நாலு நாள் வாயத் தொறக்க முடியல. வீடு கோயில் மாதிரி இருந்துச்சு" என்று சொல்லி அவளே சிரித்தாள், சிரித்ததில் விலா இழுத்து "ஸ்ஸ்" என்றாள். நான் தூங்குறது பகல்லம்மா, பல்லிக்கும் எனக்கும் ஒரே ஷிப்ட்டு, ராத்திரி அது சுவர்ல நிக்கும், நான் ஐஸ் கம்பெனியில நிப்பேன், ரெண்டு பேரும் சந்திக்கவே வழியில்ல என்று சொல்ல வாயெடுத்தான். எடுக்கத்தான் முடிந்தது. கீழுதட்டின் இடது ஓரத்தில் பொருக்கு விண்ணென்று வெடித்து, உப்பா இரும்பா என்று தெரியாத ருசி நாக்கில் தட்டியது. துண்டால் ஒற்றினான். ஒற்றிய இடத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான், யாரும் தொட்டுவிடாமல். நேற்று சாயங்காலத்திலிருந்து அவன் தொட்டதெல்லாம் அவனுக்கே பயமாக இருந்தது: டம்ளர், கதவுத் தாழ்ப்பாள், சோப்பு, தன்னுடைய விரல்.

பல்லி இல்லையென்றால் சூடு. சூப்பர்வைசர் பாக்கியநாதன் அடித்துச் சொன்னான், உடம்புச் சூடுதான் வே, எண்ணெய் தேச்சுக் குளியும் என்று. சூடு! ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரைக்கும் உப்புத்தண்ணித் தொட்டிக்கு மேலே பலகையில் நின்று, கேன் கேனாகத் தூக்கிக் கவிழ்த்து, இடுப்பு உயர ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து, கடலுக்குப் போகிற போட்டுகளுக்கு அரைத்துக் கொட்டுகிறவனுக்குச் சூடு. கால் எங்கே முடிகிறது, செருப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வீட்டுக்கு நடக்கிறவனுக்குச் சூடு. இவனைப் போட்டு வாட்டுகிற அளவுக்குச் சூடு இருந்தால் அதில் கொஞ்சம் முழங்காலுக்கு இறங்கக் கூடாதா? அதே பாக்கியநாதன்தான் அதற்கு முந்தைய தடவை பற்பசை தடவச் சொன்னவன். டீக்கடை ஞானமுத்து சுண்ணாம்பு என்றான். லாரி டிரைவர் ஒருவன் காதுக் குறும்பியை எடுத்து வை, மூன்றே நாள் என்றான், சொல்லும்போது கண்ணில் சத்தியம் இருந்தது. மச்சினன் பூண்டை நசுக்கித் தேய்க்கச் சொன்னான், கூடவே, "பொய் சொன்ன வாய்க்கு இதெல்லாம் வரும் அத்தான்" என்று ஒரு நக்கல். வெண்ணெய், தேன், சந்தனம், திருநீறு, மஞ்சளும் தேங்காயெண்ணெயும், ஐஸ் கட்டி. ஐஸ் கட்டியா? ஊருக்கே ஐஸ் செய்கிறவனிடம் வந்து! ஆவுடையப்பன் எட்டாம் வகுப்புதான். ஆனால் மீன் பொட்டலம் வந்த பேப்பரைக்கூட விரித்துக் காயவைத்துப் படிக்கிறவன். நூலகத்து ஆள் இவனைப் பார்த்தால் தலையாட்டுகிற அளவுக்குப் பழக்கம். யார் சொல்வதையும் அப்படியே நம்பக் கூடாது என்று எங்கோ படித்து, மோட்டார் ரூம் காலண்டரில் ஒவ்வொரு தடவையும் குறித்து வந்தான். ஒரு கொப்புளத்துக்கு ஒரு வைத்தியம். பற்பசை, ஒன்பது நாள். பூண்டு, பத்து நாள். சுண்ணாம்பு, பதின்மூன்று நாள், ஏனென்றால் புண்ணோடு சேர்ந்து வெந்த தோலும் ஆற வேண்டியிருந்தது. ஐஸ், எரிச்சல் குறைந்தது, நாள் குறையவில்லை, எட்டு. காவி எழுதியது, எட்டு. ஒன்றுமே போடாமல் விட்டது, எட்டு. காலண்டர் மாறும்போதெல்லாம் பழைய கணக்கைப் புதிய காலண்டரின் பின்பக்கம் எழுதினான். இருபது வருசம். யாரிடம் காட்ட? வெட்கமில்லாமல் எட்டு நாளில் தானே போகிற ஒன்றுக்கு ஊர் முழுக்க வைத்தியன். எட்டாம் நாள் எவன் பக்கத்தில் நிற்கிறானோ அவன் சொன்ன மருந்து ஜெயித்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது ஒரு ராத்திரி முழுக்க அவனுக்குப் பெருமையாக இருந்தது. மடையன். எத்தனை நாளில் போகிறது என்று பார்த்தானே தவிர, எங்கே போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தானா?

செல்போன் அடித்தது. செண்பகம். "முடிஞ்சிட்டா?" "எனக்கு முன்னால ரெண்டு பேர் இருக்காவ." "பத்தரைக்குள்ள வந்துருவீயளா மாட்டீயளா? சம்மந்தி வீட்டு ஆளுக வேன்ல ஏறியாச்சு. இன்னைக்கு மூணாவது எழுத்து, காஞ்சதும் அங்கனையே கழுவிட்டு வந்துருங்க, பூசின மூஞ்சியோட வந்து நிக்காதீய, போட்டோ எடுக்க ஆள் வருது." அவன் ம் என்றான். "பேரன் காதுல பேரு நீங்கதான் சொல்லணும். மூணு மட்டம். நம்ம மக கோமுவே ஒத்துக்கிட்டா. சர்ட்டிபிகேட்டுல தர்ஷனோ கிர்ஷனோ, என்ன எழவையும் வச்சிக்கிடட்டும். காதுல வெயிலுமுத்துதான்." அந்தப் பேரைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு படி கீழே இறங்கி ஏறியது. இருபத்துநான்கு வருசமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். அடகு வைத்த நகையைத் திருப்பி வாங்கியவள் மாதிரி அவள் இப்போது ஒரு வாரமாக அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். அடுப்படியில் தனியாக நின்று சொன்னதை முந்தாநாள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து அவனே கேட்டான். "என்ன பேச்சையே காணும்? மறுபடி வெடிச்சிட்டா?" "ஆமா." "வெண்ணெயத் தொட்டு வைங்கன்னு சொன்னேன்லா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வெண்ணெய்! போனை அந்தச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது. எறிந்தால் இந்தப் பருத்த பெண் அதற்கும் ஒரு வைத்தியம் சொல்வாள்.

நர்ஸ் மேல்தான் ஆத்திரம். இல்லை, நர்ஸ் மேல் என்ன ஆத்திரம். நேற்று சாயங்காலம் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த ஜெசிந்தா நர்ஸ், எடை போட்டு, தொப்புளைப் பார்த்து, அட்டையில் எழுதி, எல்லாம் முடித்துக் கிளம்பும்போதுதான் கேட்டுக்கு வெளியே காவி பூசின முகத்தோடு நின்ற இவனைப் பார்த்தாள். காவி முகத்தில் இருக்கும் வரை யாரையும் தொடக் கூடாது என்பது எழுதுகிறவர்களின் சட்டம், அதனால் இரண்டு நாளாக இவன் பிள்ளை பக்கம் போகவில்லை. அதற்கு முன்னால் இரட்டை ஷிப்ட்டு, வீட்டுக்கு வந்ததே இல்லை. "என்ன அண்ணாச்சி, வாயில புண்ணா?" என்று ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பேசினாள். "இது அக்கி வகைதான். கிருமி. பெரியவங்களுக்கு ஒரு வாரத்துப் புண்ணு, ஒரு மாசம் ஆகாத பிள்ளைக்கு உசிரு. தூக்கிக் கொஞ்சிராதீய. காவி பூசினாலும் சரி, தங்கத்த உருக்கிப் பூசினாலும் சரி." அவன் சும்மா போயிருக்கலாம். படிக்கிற புத்தி, கேட்டான். பிள்ளைக்கு வந்தா எப்படி இருக்கும் சிஸ்டர்? "சோர்ந்து போகும். பால் குடிக்காது. காய்ச்சல் வந்தாலும் வரும், வராட்டியும் வராது. மூளைக்கு ஏறிட்டா வெட்டு வரும், வலிப்பு." எத்தனை நாள் கழிச்சு? "ஒரு வாரம், பத்து நாள். ஏன் அண்ணாச்சி?" காஞ்சுட்டா ஒண்ணும் இல்லையே? "பொருக்கு உதிர்ந்து தோல் சுத்தமா ஆகற மட்டும் இருக்கு. காஞ்சதத்தான் ஜனங்க நம்பிருதாங்க." ஸ்கூட்டி போய்விட்டது. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் அவன் இருபத்துநான்கு வருசத்துக்கு முன்னாலேயே தன் மகனிடம் பார்த்திருந்தான். பதினாறாம் நாள் பேர் வைத்தார்கள். இருபத்து மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை. மாந்தம் என்றார்கள், உரை மருந்து உரசி ஊற்றினார்கள். செவ்வாப்பு என்றார்கள். கை ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தபோது பேச்சியம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. இருபத்தேழாம் நாள் புதைத்தார்கள். காலண்டரில் எதையெல்லாமோ குறித்தவன் இந்தப் பதினாறையும் இருபத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கும் இதே முற்றம்தான். இந்த வேளாருடைய அப்பா. கல்யாணத்துக்கு வந்த மாதிரியே, பிள்ளைக்குப் பேர் வைக்கவும் அழையாமல் வந்து நின்றது உதட்டில். அவன் கல்யாண போட்டோவிலேயே மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் உதடு வீங்கியிருக்கும், சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று நாள் காவி. கிழவர் கோழி இறகைக் காவியில் தொட்டுக் கன்னத்தில் சிங்கம் எழுதினார், அதன் வாய் புண்ணைப் பார்த்த மாதிரி. "சிங்கம் அக்கியைத் தின்னுரும். மூணாவது எழுத்து காஞ்சா கழுவிட்டுப் பிள்ளயத் தூக்கு." காய்ந்தது. காயத்தான் செய்யும், எட்டு நாள் ஆனால் கல்லில் ஒட்டிய பாசிகூடக் காயும். கழுவினான். பெஞ்சாதி பக்கத்து ஆளுகள் எல்லாம் கூடி நிற்க, யாரோ பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். யார் என்று நினைவில்லை. நினைவில்லை என்றே வைத்திருந்தான். காதருகே குனிந்து மூன்று தடவை சொன்னான், வெயிலுமுத்து, வெயிலுமுத்து, வெயிலுமுத்து. ராவெல்லாம் ஐஸில் நிற்கிறவனுடைய பிள்ளைக்கு வேறென்ன பேர் வைப்பது என்று அவனேதான் தேர்ந்தெடுத்தது. பிறகு பிள்ளை கையை விரித்தது. மடித்தே வைத்திருந்த கை, பூச்செடி மாதிரி, இல்லை, பூச்செடி என்ன பூச்செடி, கை மாதிரி, விரித்தது, உள்ளங்கையில் பால் திரிந்த அழுக்கு. அதில் முத்தம் கொடுத்தான். முகத்தில் இல்லை. வாயில் இல்லை. உள்ளங்கையில்தான். கையில் கொடுத்தால் என்ன? கையில்தானே? பிறகு அந்தக் கை என்ன செய்தது? பதினாறு நாள் பிள்ளையின் கை வேறெங்கே போகும்? நேராக வாய்க்குப் போனது. சப்புக்கொட்டி உறிஞ்சியது. எல்லாரும் சிரித்தார்கள். அப்பன் முத்தத்தைத் திங்கான் பாரு என்று ஒரு குரல். கையில்தானே. உள்ளங்கையில்தானே. நேற்று ராத்திரி முழுக்க ஐஸ் பாருக்கு ஒரு தடவையாக அதையே சொல்லிச் சொல்லிக் கொக்கி போட்டான், விடியும் வரை நூற்று எழுபது பார்.

போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. நர்ஸ் இப்படிச் சொன்னாள், நான் பிள்ளை கிட்டே வரமாட்டேன். ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தை செண்பகத்திடம் சொன்னால், அது அவளுக்குள் போய் எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்று கேட்பாள். என்ன ஆகும் என்று கேட்பாள். வெட்டு வருமாம் என்றால் அவள் கை தானாக வயிற்றுக்குப் போகும். இருபத்துநான்கு வருசமாக அவள் அதைச் சாமி எடுத்துக்கொண்டது என்று ஒரு மூலையில் சாத்தி வைத்திருக்கிறாள். சாமியைக் கோபிக்க முடியாது, அதனால் உயிரோடு இருந்தாள். அதை எடுத்து, இந்தா, சாமி இல்லை, உன் புருசன் வாய் என்று கொடுக்கவா? கொடுக்காமல் போய்க் குனிந்து காதில் சொல்லவா? மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளி நின்று? பிள்ளை கையை விரித்தால்? மற்றவர்கள் கொஞ்சு கொஞ்சு என்று பிள்ளையை முகத்தில் கொண்டு வந்து வைப்பார்களே, இந்த ஊரில் மாட்டேன் என்றால் யார் கேட்கிறார்கள், வைத்தியம் சொல்லத்தான் தெரியும். பல்லி சொன்னவள், சுண்ணாம்பு சொன்னவன், குறும்பி சொன்னவன், இவர்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாயைப் பிள்ளை பக்கம் கொண்டு போகாதே என்று சொல்லியிருந்தால்! ஆயிரம் மருந்து தெரிந்த ஊருக்கு அந்த ஒரு சொல் தெரியவில்லையே!

"வாங்க அண்ணாச்சி" என்று வேளார் கூப்பிட்டார். இவனைவிட நாலைந்து வயது இளையவர், அப்பாவின் அதே கனத்த புருவம். பருத்த பெண் எழுதி முடித்து விலாவில் சிவப்புச் சிங்கத்தோடு எழுந்து நின்று, "சிங்கம் கடிக்குமா வேளாரே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரட்டையில் காவியைக் குழைத்துக்கொண்டே வேளார் இவன் தாடையைத் திருப்பிப் பார்த்தார். "காஞ்சுதான வந்துச்சு. பேசினீயளாக்கும்." "வேளாரே, ஒண்ணு கேக்கேன், கோவிக்கக் கூடாது. இது கேக்குமா? நெசமா?" குழைக்கிற விரல் நிற்கவில்லை. "ஏழெட்டு நாள்ல காயுது." "எழுதாட்டி?" வேளார் சிரட்டையைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார், யாரும் இல்லை. "எழுதாட்டியும் அப்படித்தான் இருக்கும் போல. எனக்கே போன வருசம் தோள்ல வந்துச்சு. நான் யார்ட்டப் போய் எழுத? ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்கித் தின்னேன்." இவனுக்கு அடிக்கக் கை துறுதுறுத்தது. எழுந்து அந்தச் சிரட்டையை எட்டி உதைத்து, உங்க அப்பன், உங்க அப்பன் சொன்னார்வே, கழுவிட்டுப் பிள்ளயத் தூக்குன்னு. கத்த வாயைத் திறந்தான். ஆனால் அந்த ஆள் முகத்தில் ஒரு பயம் இருந்தது, தன் அப்பாவைப் பற்றி யாரோ எப்போதோ கேட்டுவிடப் போகிறார்கள் என்று காத்திருக்கிற பயம். அது இவனுக்குத் தெரிந்த பயம். "காவி இருக்கற மட்டும் யாரும் தொட மாட்டாவல்லா?" என்று கேட்டான். "தொடக் கூடாது. அது எங்க பூட்டன் காலத்துச் சட்டம்." "அப்ப பெருசா எழுதும். ரெண்டு கன்னம், தாடை, கழுத்து, மூக்கு வரைக்கும். வாய மூடி எழுதும். அழிஞ்சா நாளைக்கும் வருவேன், பொருக்கு உதிர்ற மட்டும் தெனமும் வருவேன்." வேளார் அவனையே பார்த்தார். "வீட்டுல விசேசமா?" "பேரனுக்குப் பேரு வைக்கோம்." கோழி இறகு குளிர்ச்சியாக உதட்டில் இறங்கியது. வேளார் சிங்கம் எழுதவில்லை. முகம் முழுக்கப் பூசிவிட்டார், சுவருக்குப் பூசுகிற மாதிரி.

வேன் வந்திருந்தது. வாசல் பந்தலில் செருப்புக் குவியல். காவி காய்ந்து இறுகி முகம் இவனுடையதாக இல்லை. தெருவில் ஒரு நாய் குரைத்துப் பின்வாங்கியது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். செண்பகம் பட்டுச்சேலையோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க இது, கோலம்? சொன்னேனா இல்லையா? கழுவுங்க மொதல்ல." "கழுவக் கூடாதுன்னுட்டார். கிட்ட வரக் கூடாது. பேரு நீ சொல்லு." "நானா? ஆம்பளை நிக்கும்போது..." "நீ சொல்லு செண்பகம்." குரலில் என்ன இருந்ததோ, அவள் இன்னும் ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் வழியாக அவள் குனிவது தெரிந்தது. உதடு அசைந்தது மூன்று தடவை. யாரோ கை தட்டினார்கள். போட்டோக்காரனின் வெளிச்சம் அடித்தது. கழுத்தில் காவி அரித்தது, சொறியவில்லை.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கின பிறகு அவள் காகிதக் கப்பில் பாயசம் கொண்டுவந்து சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றாள். "நேத்து அந்த நர்ஸ் இதே இடத்துல நின்னு உங்கட்ட என்ன சொன்னா?" "ஒண்ணுமில்ல." "அவ போன பெறகு நீங்க சாப்பிடல. வேலைக்குப் போகும்போதும் என் மூஞ்சியப் பாக்கல." பாயசத்தில் ஒரு எறும்பு ஏறியது. "இந்தப் புண்ணு சின்னப் பிள்ளைக்கு ஆகாதாம்" என்றான். காவி வெடித்து உதடு வெடித்தது. "ஆகாதுன்னா?" அவன் துண்டால் உதட்டை ஒற்றினான். "காஞ்ச பெறகுமா?" "காஞ்ச பெறகும்." அவள் கை வயிற்றுக்குப் போனது. போகும் என்று அவனுக்குத் தெரியும். "செண்பகம், அதுதான்னு யாருக்கும் தெரியாது. இத்தன வருசம் கழிச்சு எவனும் சொல்ல முடியாது. வேற ஏதாவதாவும் இருக்கலாம்." அவள் இவனைப் பார்க்கவில்லை, கேட்டின் துருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, காய்கறி விலை கேட்கிற மாதிரி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "'காஞ்சு போச்சே, இன்னும் என்ன தள்ளி நிக்கீய, பிடிங்க உங்க பிள்ளய'ன்னு கையில குடுத்தது நாந்தான?"

பல்லிக்கு, பாக்கியநாதனுக்கு, சுண்ணாம்புக்காரனுக்கு, செத்துப்போன கிழட்டு வேளாருக்கு, தன்னுடைய உதட்டுக்கு, எல்லாருக்கும் கொடுக்க அவனிடம் கோபம் இருந்தது, ஒரு ராத்திரி முழுக்க அரைத்து வைத்த கோபம். இந்தக் கேள்விக்குக் கொடுக்க அதில் ஒரு பிடி இல்லை. அவள் கேட்டின் உள்பக்கம் படியில் உட்கார்ந்தாள். அவன் வெளிப்பக்கம், சுவரில் சாய்ந்து குந்தினான். நடுவில் கம்பி.

உள்ளே வெயிலுமுத்து அழுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அவள் உள்ளே போனாள்.